ஜெராக்ஸ் தெரியும்... ‘ஜெனியல்’ தெரியுமா?

உங்கள் பிறந்த வருஷம் 1977-க்கும் 1983-க்கும் இடையில் வருகிறதா? உங்களுக்கு ஓர் ஆங்கிலப் பெயர் காத்திருக்கிறது. 1995-ஐ ஒட்டி முன்னே பின்னே பிறந்தவரா? உங்களுக்கும் ஒன்று இருக்கிறது. 1960 வாக்கில் பிறந்த பெரியவரா? உங்களையும் விட்டுவைக்கவில்லை.

இவையெல்லாம் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கான பெயர்கள். இந்தத் தலைமுறையிலும் முழுசாகச் சேராமல், அந்தத் தலைமுறையிலும் முழுசாகச் சேராமல், இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களுக்கு. நம்ம ஊரில் ‘இரண்டுங்கெட்டான்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். ஆங்கிலத்தில் ஆளுக்கொரு பெயர் வைத்து, அதை எப்படிச் சொல்வது என்று சண்டையும் போடுகிறார்கள்.

அந்தச் சண்டையைத்தான் இந்த வாரம் கொஞ்சம் வேடிக்கை பார்க்கப் போகிறோம். ஏனென்றால், அது இப்போது நம் வீட்டு வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் வந்துவிட்டது.

முதலில் பெட்டிகள்

அமெரிக்காவில் பிறந்த வருஷத்தை வைத்து மனிதர்களைப் பெட்டி பெட்டியாக அடுக்குகிறார்கள். 1946 முதல் 1964 வரை பிறந்தவர்கள் பேபி பூமர்கள். 1965 முதல் 1980 வரை ஜென் எக்ஸ். 1981 முதல் 1996 வரை மில்லெனியல்கள். 1997 முதல் 2012 வரை ஜென் ஸீ. அதற்குப் பிறகு வந்த வாண்டுகள் ஜென் ஆல்ஃபா.

இதில் முதல் பெட்டிக்கு மட்டும் கணக்குப் புத்தகத்தில் ஆதாரம் உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்து வீரர்கள் வீடு திரும்பியதும், அமெரிக்காவில் குழந்தைப் பிறப்பு எகிறியது. 1957-ல் மட்டும் சுமார் 43 லட்சம் குழந்தைகள். 1965 வாக்கில் எண்ணிக்கை நன்றாக இறங்கிவிட்டது. அந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவில் பிறந்தவர்கள் பூமர்கள்.

மற்ற பெயர்கள் அப்படி வந்தவை அல்ல. ‘எக்ஸ்’ என்பது கணக்கில் விடை தெரியாத எண்ணுக்குப் போடும் எழுத்து. ‘இவர்கள் யாரென்றே புரியவில்லை’ என்ற அர்த்தத்தில் அந்தப் பெயர் வந்தது. கனடா எழுத்தாளர் டக்ளஸ் கூப்லண்ட் 1991-ல் எழுதிய நாவலுக்கு அதைத் தலைப்பாக வைக்க, பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்து வந்தவர்களுக்கு ‘ஒய்’ என்ற எழுத்து தயாராக இருந்தது. ஆனால் வில்லியம் ஸ்ட்ராஸ், நீல் ஹோவ் என்ற இருவர் அதே 1991-ல் வெளியிட்ட புத்தகத்தில் அவர்களை மில்லெனியல் என்றார்கள். ஒய் தோற்றது, மில்லெனியல் ஜெயித்தது. அதற்கடுத்தவர்களுக்கு எழுத்து வரிசைப்படி இசட்.

ஆக, பாதி எழுத்துக் கணக்கு, பாதி எழுத்தாளர் கணக்கு. இந்தப் பெட்டிகளின் ஓரத்தில் பிறந்தவர்கள் என்ன செய்வார்கள்?

எக்ஸ் எங்கே போச்சு?

2014 செப்டம்பரில் ‘குட்’ என்ற அமெரிக்கப் பத்திரிகையில் சாரா ஸ்டான்கார்ப், ஜெட் ஓல்பாம் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஜென் எக்ஸுக்கும் மில்லெனியலுக்கும் நடுவில் இருக்கும் தங்களைப் போன்றவர்களுக்கு அதில் ஒரு புதுப் பெயர் வந்தது. எக்ஸை எடுத்து மில்லெனியலின் வாலில் ஒட்டிய பெயர். சின்ன வயசில் கம்ப்யூட்டர், செல்போன் எதுவும் இல்லை. வேலைக்குப் போகும்போது இரண்டும் கையில். இப்படி இரண்டு உலகத்தையும் பார்த்தவர்கள் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள்.

மூன்று வருஷம் அமைதியாகக் கிடந்த பெயர், 2017-ல் திடீரென்று உலகம் முழுக்கப் பரவியது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழக சமூகவியலாளர் டான் உட்மன் இதைப் பற்றிப் பேட்டி கொடுக்க, ‘இவர்தான் கண்டுபிடித்தார்’ என்று பல ஊடகங்கள் எழுதிவிட்டன. ‘பெயர் வைத்தது நான் இல்லை’ என்று அவரே சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் பிறந்தவர்களின் பெயருக்குப் பெற்றவர் யார் என்பதிலும் குழப்பம்!

சரி, எப்படிச் சொல்வது? பார்த்தவுடன் ‘எக்ஸெனியல்’ என்றுதான் வாய் போகும். ஆனால் ஆங்கில அகராதி சொல்லும் உச்சரிப்பு ‘ஜெனியல்’. எழுத்து எக்ஸ், ஓசை இசட்.

இது என்ன அநியாயம் என்று கேட்பதற்கு முன், தெருமுனைக் கடை போர்டை ஒரு தடவை பாருங்கள். ‘ஜெராக்ஸ்’ என்று எழுதியிருக்கும். அந்த கம்பெனிப் பெயரின் முதல் எழுத்தும் இதே எக்ஸ்தான். உலர்ந்தது என்று பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மை ஈரமில்லாமல் நகல் எடுப்பதால் அந்தப் பெயர். நாம் யாரும் ‘எக்ஸெராக்ஸ்’ என்று கேட்டதில்லை. ஜெராக்ஸைச் சரியாகச் சொல்லத் தெரிந்த எல்லோருக்கும் ஜெனியலையும் சொல்ல வரும்.

கிரேக்கர்கள் அந்த எழுத்தை ‘க்ஸ’ என்று சேர்த்துச் சொல்வார்கள். ஆங்கிலேயர் நாக்குக்குச் சொல்லின் தொடக்கத்தில் அது வராது. அதனால் இசட் ஓசையாக மாற்றிக்கொண்டார்கள். பழைய போர்ச்சுகீசிய நாக்கில் அதே எழுத்து ‘ஷ’. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர் நம் கடற்கரை மக்களுக்குச் சவேரியார் ஆனது அந்த வழியில்தான். சேவியர், சவேரியார் இரண்டுக்கும் முதல் எழுத்து ஒரே எக்ஸ்.

நாம் மட்டும் சும்மாவா இருந்தோம்? ர, ல எல்லாம் சொல்லின் முதலில் வரக்கூடாது என்பது தொல்காப்பியர் காலத்து விதி. அதனால் முன்னால் ஓர் இ, ஓர் உ போட்டு இராமன் என்றும் உலோகம் என்றும் எழுதினோம். ஸ்கூலை ‘இஸ்கூல்’ என்று சொன்ன பாட்டியும், க்ஸ-வை இசட் ஆக்கிய வெள்ளைக்காரரும் செய்தது ஒரே வேலை. வெளியூர்ச் சொல்லை உள்ளூர் நாக்குக்குப் பழக்கினார்கள். இதில் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க ஒன்றுமில்லை.

தமிழில் எழுதும்போது இன்னொரு வேடிக்கை. ஜெனரேஷன் என்பதன் சுருக்கமும் ‘ஜென்’. புத்த மதத்தின் ஒரு பிரிவும் ‘ஜென்’. இந்தப் பெயரை ‘ஜென்னியல்’ என்று எழுதிப் பாருங்கள். உளவியல், பொருளியல் மாதிரி ஏதோ ஒரு பாடத்தின் பெயர் போலவே இருக்கும். அரியர் வைத்தால் எழுதித் தேற முடியாத பாடம்!

அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே பெயரா?

2025 செப்டம்பரில் நேபாளத்தில் இளைஞர்கள் தெருவில் இறங்கிப் போராடி, பிரதமர் கே.பி.சர்மா ஒலி பதவி விலகினார். உலகம் முழுக்க அதை ‘ஜென் ஸீ போராட்டம்’ என்றார்கள். அந்த வாரம் நம்மூர் டீக்கடை வரை அந்தப் பெயர் வந்து சேர்ந்தது. சிலர் ‘ஜென் ஸீ’, சிலர் ‘ஜென் ஜீ’, சிலர் ‘ஜென் இசட்’.

மூன்றில் எது சரி? அந்த எழுத்துக்கு இங்கிலாந்தில் பெயர் ‘ஸெட்’, அமெரிக்காவில் ‘ஸீ’. நம் பள்ளிக்கூடங்கள் சொல்லிக்கொடுத்தது இங்கிலாந்து வழி. அதுதான் நம் வாயில் ‘இசட்’. தலைமுறைப் பெயர் பிறந்தது அமெரிக்காவில் என்பதால் அந்த ஊர் ஓசையோடு வந்துவிட்டது. ‘ஜென் இசட்’ என்று சொல்லும் தாத்தாவும் தப்பாகச் சொல்லவில்லை. ‘ஜென் ஸீ’ என்று திருத்தும் பேத்தியும் தப்பாகத் திருத்தவில்லை. இரண்டு நாட்டு ஆங்கிலம் ஒரே ஹாலில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில். 1978-ல் பிறந்த ஓர் அம்மாவையும் 1998-ல் பிறந்த அவர் மகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா, எக்ஸ் போட்டு எழுதும் ஜெனியல். மகள், மில்லெனியலுக்கும் ஜென் ஸீக்கும் நடுவில் இருப்பவள். அந்த நடுவாந்திரக்காரர்களைச் சிலர் இசட் போட்டு எழுதி ‘ஜெனியல்’ என்கிறார்கள். ஸ்பெல்லிங் வேறு, காதில் விழுவது ஒன்றே! இருபது வருஷ இடைவெளி உள்ள அம்மாவும் மகளும் ஒரே பெயரில்.

அதனால் மகள் கட்சிக்கு இன்னொரு பெயர் கைகொடுக்கிறது: ‘ஜில்லெனியல்’. ‘ஜில்’லென்று தொடங்குவதால் தமிழ்க் காதுக்கு மறக்காது.

போனில் சேமித்துக்கொள்ள ஒரு சின்னப் பட்டியல்:

- ஜெனியல்: ஜென் எக்ஸுக்கும் மில்லெனியலுக்கும் நடுவில். 1977 முதல் 1983 வரை என்பது பரவலான கணக்கு. எழுத்து எக்ஸ், ஓசை ஜெராக்ஸ்.
- ஜில்லெனியல்: மில்லெனியலுக்கும் ஜென் ஸீக்கும் நடுவில். 1990-களின் நடுவிலும் கடைசியிலும் பிறந்தவர்கள். வருஷத்தில் ஆளுக்கொரு கணக்கு.
- ஜெனரேஷன் ஜோன்ஸ்: பூமரின் கடைசிப் பாதியும் ஜென் எக்ஸின் தொடக்கமும். 1954 முதல் 1965 வரை.

யார் இந்த ஜோன்ஸ்?

பட்டியலில் கடைசியாக வந்தவர் ஆள் இல்லை, ஒரு குடும்பப் பெயர். நம்மூர் முருகன் மாதிரி அமெரிக்காவில் எந்தத் தெருவிலும் ஒரு ஜோன்ஸ் இருப்பார். ‘பக்கத்து வீட்டு ஜோன்ஸுக்கு ஈடாக நாமும் வாழ வேண்டும்’ என்று அங்கே ஒரு வழக்கு உண்டு. எதிர்வீட்டில் கார் வாங்கினால் நம் வீட்டில் புகைச்சல் வருமே, அதேதான். கொச்சை வழக்கில், ஒன்றுக்காக ஏங்குவதற்கும் ஜோன்ஸ் என்ற சொல் உண்டு. இரண்டையும் சேர்த்து இந்தப் பெயரை வைத்தவர் ஜோனதன் பொன்டெல் என்ற அமெரிக்கர்.

ஏன் ஏக்கம்? பூமர்கள் என்றால் உட்ஸ்டாக் இசைவிழா, வியட்நாம் போர் எதிர்ப்பு என்று ஒரு படம் மனதில் வரும். உட்ஸ்டாக் நடந்தது 1969-ல். 1960-ல் பிறந்த பூமருக்கு அப்போது 9 வயசு! ராணுவத்துக்குக் கட்டாய ஆள் எடுப்பை 1973-ல் நிறுத்தியபோது 13. அண்ணன்கள் அனுபவித்த கொண்டாட்டமும் கிடைக்கவில்லை, அவர்கள் பட்ட பயமும் தெரியாது. அதே 1973-ல் பெட்ரோல் நெருக்கடி வந்தது. இவர்கள் வேலை தேடி வந்தபோது நாடு விலைவாசியிலும் வேலையில்லாத் திண்டாட்டத்திலும் தவித்தது. பெயர் மட்டும் பூமர். பந்தி முடிந்தபின் வந்த விருந்தாளிகள்.

1961-ல் பிறந்த பராக் ஒபாமா இந்த நடுவாந்திரக்காரர். துளசேந்திரபுரத்தைத் தாத்தா ஊராகக் கொண்ட கமலா ஹாரிஸ் பிறந்தது 1964 அக்டோபரில். மூன்று மாதம் தள்ளிப் பிறந்திருந்தால் பூமர் பெட்டிக்கே வெளியே போயிருப்பார்.

கோடுகளின் லட்சணம் இப்படித்தான். 1996 டிசம்பர் 31 இரவு பதினொன்று ஐம்பதுக்குப் பிறந்த குழந்தை மில்லெனியல். அடுத்த கட்டிலில் இருபது நிமிஷம் கழித்துப் பிறந்த குழந்தை ஜென் ஸீ. இரண்டும் ஒரே ஸ்கூலில், ஒரே பெஞ்சில் படித்திருக்கும்.

இந்தக் கோட்டைப் போட்டதில் அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி மையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2021-ல் மேரிலேண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிலிப் கோஹன் முன்னெடுத்து, சமூக அறிவியலாளர்கள் 150 பேருக்கு மேல் கையெழுத்திட்டு பியூவுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். இந்தப் பெயர்களை விட்டுவிடுங்கள் என்பதுதான் கோரிக்கை. 2023-ல் பியூ, இனி இந்தப் பெயர்களை யோசித்துத்தான் பயன்படுத்துவோம் என்று அறிவித்தது.

அறிஞர்கள் சொல்வது நம் வீட்டுக்கும் பொருந்தும். ‘இந்தத் தலைமுறைப் பசங்க ஒரு வேலையில் நிலைக்க மாட்டேங்கிறாங்க’ என்கிறோம். 22 வயசில் வேலை மாறுவது எந்தக் காலத்திலும் நடந்தது. அது வயசின் குணம். அவர்களுக்கே 40 ஆகும்போது வீட்டுக்கடன் வந்து உட்காரவைத்துவிடும். வயசின் குணத்தைத் தலைமுறையின் குறையாக எழுதி வைப்பதுதான் தப்பு.

நம்ம கணக்கே வேற

அமெரிக்கப் பெட்டி நமக்குப் பொருந்தாது என்பதற்கு ஒரு காரணம் போதும். 1950-களிலும் 60-களிலும் இந்தியாவில் ஒரு தாய்க்குச் சராசரியாக ஆறு குழந்தைகள். திடீர் ஏற்றமும் இல்லை, திடீர் இறக்கமும் இல்லை. பூம் இல்லாத ஊரில் பூமர் எங்கிருந்து வருவார்?

ஆறேழு பிள்ளைகள் உள்ள வீட்டில் என்ன நடந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். மூத்த பெண்ணுக்கு 18 வயசில் கல்யாணம். அவள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும்போதே அம்மாவும் கடைக்குட்டியைச் சுமந்துகொண்டிருப்பாள். அக்காவின் மகனைவிட இரண்டு வயசு சின்னவனாக ஒரு தாய்மாமன். ஒரே வகுப்பில் படிக்கும் சித்தியும் அக்கா மகளும். டவுசர் போட்ட மாமாவுக்கு, அவனைவிட உயரமான மருமகன் மரியாதை கொடுத்தாக வேண்டும்!

அந்தக் குட்டி மாமா எந்தத் தலைமுறை? பிறந்த வருஷப்படி மருமகனோடு. உறவுப்படி அக்காவோடு. நமக்குத் தலைமுறை என்பது பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று வீட்டுக்குள் இறங்கும் படி. காலண்டரில் போடும் கோடு இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் எப்போதும் நம்மிடம் உண்டு. அவர்களுக்குத் தனிப் பெயர் வைக்கவில்லை, ‘மாமா’ என்ற முறையை மட்டும் கொடுத்தோம்.

வருஷத்தை வைத்து நாமே போட்ட கோடுகளும் இருக்கின்றன. 1978-ல் தமிழ்நாட்டில் பி.யு.சி. போய் மேல்நிலைக் கல்வி வந்தது. 1980-ல் முதல் ப்ளஸ் டூ தேர்வு. 60 வயசு தாண்டியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ‘நான் கடைசி பி.யு.சி. பேட்ச்’, ‘நாங்கதான் முதல் ப்ளஸ் டூ பேட்ச்’ என்று இன்றைக்கும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வார்கள். நம்மூரின் நடுவாந்திரத் தலைமுறைப் பெயர் அதுதான்.

ஜெனியல் வயசுக்காரர்களுக்கும் நம் கணக்கு தனி. அமெரிக்காவில் இவர்களை ‘ஆரகன் டிரெயில் தலைமுறை’ என்றும் சொல்வதுண்டு. அது அங்கே பள்ளிக் கம்ப்யூட்டரில் பிள்ளைகள் ஆடிய ஒரு விளையாட்டு. இங்கே 1980-ல் பிறந்தவருக்கு அந்தப் பெயர் எதையும் நினைவூட்டாது. அவருக்கு 15 வயசானபோது, 1995 ஜூலை 31 அன்று இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு போனது. இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது. எஸ்.டி.டி. பூத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசியவர், பிறகு இன்கமிங் காலுக்கும் காசு கட்டியவர், இப்போது வீடியோ காலில் பேரப்பிள்ளையைக் காட்டச் சொல்லி அம்மாவுக்குச் சொல்லிக்கொடுப்பவர். இவரை ‘எஸ்.டி.டி. பூத் தலைமுறை’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. உச்சரிப்புச் சண்டையும் வராது.

அடுத்து வந்த பெயர்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. 90ஸ் கிட்ஸ், 2கே கிட்ஸ். இதிலும் நடுப்பிள்ளைகள் உண்டு. 1997-ல் தூர்தர்ஷனில் ‘சக்திமான்’ தொடங்கியது. 1987-ல் பிறந்த அண்ணன் அதைப் பத்து வயசில் வாய் பிளந்து பார்த்தவர். ஆனால் பிறந்த வருஷத்தைச் சொன்னால் ‘நீங்க 80ஸ்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். 1999-ல் பிறந்த தம்பி அப்போது உலகத்திலேயே இல்லை. அவர் 90ஸ் கிட்! அதிலும் அவருக்கு நிம்மதி இல்லை. மூத்தவர்கள் ‘நீ 2கே-தான்’ என்பார்கள், சின்னவர்கள் ‘அண்ணா, நீங்க 90ஸ்’ என்பார்கள். அந்தத் தம்பிதான் ஆங்கிலத்தில் ஜில்லெனியல்.

ஒன்றரை

பிறந்த வருஷத்தால் இல்லாமல் ஊர் மாறியதால் நடுவில் வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு வைத்த பெயர்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கியூபாவில் பிறந்து அமெரிக்கா போன சமூகவியலாளர் ரூபன் ரூம்பௌட் வைத்தது.

வேறு நாட்டுக்குக் குடிபோன பெரியவர்கள் முதல் தலைமுறை. அங்கே பிறந்த பிள்ளைகள் இரண்டாம் தலைமுறை. எட்டு வயசில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறிய குழந்தை? அது ‘1.5’ தலைமுறை. அவர் இன்னும் நுணுக்கமாகவே பிரித்தார். ஆறு வயசுக்கு முன்னால் போனால் 1.75. ஆறிலிருந்து பன்னிரண்டுக்குள் போனால் 1.5. பதின்மூன்று முதல் பதினேழு வயசுக்குள் போனால் 1.25.

ஆங்கிலத்தில் ‘ஒன் பாயின்ட் செவன் ஃபைவ்’ என்று இழுக்க வேண்டும. தமிழில் ஒன்றேகால், ஒன்றரை, ஒன்றேமுக்கால். காய்கறிக்கடையில் நிறுத்துக் கொடுக்கும் கணக்கு.

1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து டொரன்டோவுக்கும் லண்டனுக்கும் போன குடும்பங்களில் இந்த ஒன்றரைப் பிள்ளைகள் நிறைய. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் நினைவில் இருக்கும், கனடாப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதியிருப்பார்கள். ஆஸ்பத்திரியிலும் அரசாங்க அலுவலகத்திலும் அம்மா அப்பாவுக்கு மொழிபெயர்த்தது இவர்கள்தான். பத்து வயசில் வீட்டுக்குப் பெரிய மனிதர் ஆனவர்கள். ‘நீ எந்த ஊர்?’ என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் இல்லாதவர்களுக்கு, ‘ஒன்றரை’ என்று ஒரு பெயர் கிடைத்தபோது ஒன்று புரிந்தது: இது தன் ஒருத்தருக்கு மட்டும் இருக்கும் குழப்பம் இல்லை, தன்னைப் போலவே ஒரு கூட்டம் இருக்கிறது.

நடுவில் இருப்பவர்களின் பெயர் செய்யும் நல்ல வேலை அது. துணை சேர்க்கிறது.

ஒட்டிய பெயர்

அதே பெயர் கெட்ட வேலையும் செய்யும். அது பெயரை யார் வைத்தார்கள் என்பதைப் பொறுத்தது.

‘பூமர்’ என்றால் 90-களில் நமக்கு பபிள் கம். இன்றைக்கு அது வசவு. 1946 முதல் 1964 வரை என்ற கணக்கெல்லாம் காற்றில் போய்விட்டது. ‘தலையை மூடிக்கிட்டு வண்டி ஓட்டுப்பா’ என்று ஹெல்மெட் போடச் சொன்ன 38 வயசு அண்ணனும் பூமர்தான். சொன்னது சரியா, தப்பா என்று யோசிக்க வேண்டாம். பூமர் என்றால் போதும், பேச்சு முடிந்தது. இதே வேலையைத்தான் பெரியவர்கள் ‘2கே கிட்ஸ்தானே’ என்ற வார்த்தையால் செய்கிறார்கள்.

இன்னும் வலிக்கிற ஒன்று உண்டு. 2020-ல் கொரோனா வந்து பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானது. 2021-ல் பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ இரண்டுமே ரத்து. எல்லோரும் தேர்ச்சி. அந்தப் பிள்ளைகள் கேட்டு வாங்கியதில்லை அது. வீட்டுக்கு ஒரு போனை வைத்துக்கொண்டு, அண்ணனுக்கு ஒரு மணி நேரம், தங்கைக்கு ஒரு மணி நேரம் என்று பாடம் கேட்டவர்கள். சொந்தக்காரர் சாவுக்குப் போக முடியாமல் வீட்டிலேயே அழுதவர்கள். அவர்களுக்கு நாம் வைத்த பெயர் ‘ஆல் பாஸ் பேட்ச்’. இன்டர்வியூவில் வருஷத்தைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு. கல்யாண வீட்டில் ‘ஓ, நீ ஆல் பாஸா?’ என்று ஒரு கேள்வி.

‘முதல் ப்ளஸ் டூ பேட்ச்’ என்று தாத்தா பெருமையாகச் சொல்கிறார். ‘ஆல் பாஸ் பேட்ச்’ என்றால் பேரன் தலையைக் குனிகிறான். இரண்டு பேருமே அரசாங்கம் விதியை மாற்றிய வருஷத்தில் நடுவில் நின்றவர்கள். தாத்தாவின் பெயர் அவரே சூட்டிக்கொண்டது. பேரனின் பெயர் மற்றவர்கள் ஒட்டியது.

ஜெனியலை எக்ஸெனியல் என்று சொல்லிவிட்டால் ஒன்றும் குடி முழுகாது. ஸீ, இசட் எதுவானாலும் கூப்பிட்ட ஆள் திரும்பிப் பார்த்தால் போதும். கவனிக்க வேண்டியது நாக்கை இல்லை. அந்தப் பெயரைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் முகம் மலர்கிறதா, சுருங்குகிறதா என்பதைத்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ‘உங்க வயசுக்காரங்களுக்கு நீங்களே ஒரு பெயர் வைக்கணும்னா என்ன வைப்பீங்க?’ தாத்தாவிடம் கேளுங்கள், சித்தியிடம் கேளுங்கள். அந்த 2021 பிள்ளையிடம் கண்டிப்பாகக் கேளுங்கள். அவன் சொல்லும் பெயர் எதுவாக இருந்தாலும், அடுத்த தடவை அவனை அறிமுகம் செய்யும்போது அதையே சொல்லுங்கள்.